கண்ணை மூடிக் கேட்ட பேய்ப் படங்கள்: சில இசைத்தட்டுகள் பற்றி

வீட்டில் பேய்ப் படம் ஓடினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருப்பான். "அக்கா, போயிடுச்சு, கண்ணத் தொற" என்பான். திறந்தால் போயிருக்காது. இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு அவனை நம்புவதை விட்டுவிட்டுக் காதை நம்ப ஆரம்பித்தேன். வயலின்கள் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். திடீரென்று எல்லாம் நின்றுபோனால், இதோ வருகிறது. பெரிய சத்தம் ஒன்று கேட்டு, அதற்கப்புறம் யாராவது சாதாரணமாகப் பேசினால் கண்ணைத் திறக்கலாம். இந்தக் கணக்கு முக்கால்வாசி நேரம் பலித்தது. ஆக, பல பேய்ப் படங்கள் எனக்குக் காது வழியாகத்தான் பழக்கம்.

அப்படிப்பட்டவள் பேய்ப் படங்களின் இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? கொஞ்சம் எல்பி, கொஞ்சம் சிடி, ஒரு பழைய டர்ன்டேபிள், காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன். வாங்கியதில் பாதி கொண்டாட்டம், மீதி "இதுக்கா இவ்வளவு அலைஞ்சோம்" ரகம். நீங்களும் வாங்குவதாக இருந்தால் என் ஏமாற்றங்கள் உங்களுக்கு உதவும். படங்களின் கதையை அங்கங்கே உடைத்துவிடுவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

'சைக்கோ'வில் தொடங்குகிறேன், என் முதல் ஏமாற்றம் அதுதான். ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் எடுத்து 1960-ல் வந்த படம், இசை பெர்னார்ட் ஹெர்மன். முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும். ஊதுகிறதும் இல்லை, தட்டுகிறதும் இல்லை. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுதிக்கொண்டு வந்தார். கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனம் மாறினார். படம் நெடுக வயலின்களுக்கு மியூட் மாட்டி, தொண்டையை அமுக்கினாற்போல் வாசிக்க வைத்துவிட்டு, அந்தக் கொலைக்கு மட்டும் மியூட்டைக் கழற்றச் சொன்னார் ஹெர்மன். அந்த "கீச் கீச்" ஏன் அப்படிக் காதைக் கிழிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வயலின் புதிதாக எதுவும் செய்யவில்லை. அதுவரை அதன் வாயைப் பொத்தியிருந்த கை விலகியது, அவ்வளவுதான்.

சரி, தட்டுக்கு வருவோம். என் கைக்கு வந்தது ஹெர்மனே நேஷனல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தி 1975-ல் புதிதாகப் பதிவு செய்தது. படத்துக்காக வாசித்தது இல்லை. (நம் சினிமாக்காரர்கள் பின்னணி இசையையே 'ரீரெக்கார்டிங்' என்பார்கள். இங்கே நான் சொல்வது நிஜமாகவே இரண்டாம் தடவை வாசித்தது.) ஒலி அபாரம். ஒவ்வொரு வில்லும் தந்தியில் உரசுவது தெரிகிறது. ஆனால் வேகம் போய்விட்டது. படத்தில் பின்னால் கொலையாகப் போகிற அந்தப் பெண் பணத்தைத் திருடிக்கொண்டு காரில் ஓடும்போது வயலின்கள் விரட்டிக்கொண்டே வரும். அவள் சும்மா கார்தான் ஓட்டுகிறாள், திரையில் வேறொன்றும் நடக்கவில்லை, நம் வயிற்றைப் பிசைவது அந்த இசைதான். தட்டில் அதே இசை ஓடவில்லை, யோசித்து யோசித்து நடக்கிறது. ஹெர்மன் அந்த வருட டிசம்பரிலேயே காலமானார் என்று தெரிந்தபின் இந்த நிதானத்தை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்திருக்கிறேன். வாங்கலாம். ஆனால் படத்தில் கேட்டதைத் தேடிப் போகிறவர்கள் உறையில் பதிவான ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதே கோளாறு 'ஜாஸ்' படத்துக்கும் உண்டு. ஜான் வில்லியம்ஸ் இசை. படத்தோடு 1975-ல் வந்த எல்பி, தட்டுக்காகத் தனியாக வாசித்தது. படத்தில் ஒலித்த பதிவு வேண்டுமானால் 2000-ல் வந்த சிடியைத் தேட வேண்டும். சுறாமீன் பேயா என்று கேட்காதீர்கள், என் கணக்கில் பேய்தான். இரண்டே சுரங்கள், பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள், மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். வில்லியம்ஸ் பியானோவில் முதலில் வாசித்துக் காட்டியபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். எனக்குப் பிடித்தது வேறொன்று. படத்தில் இரண்டு பையன்கள் அட்டைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் பயமுறுத்தும் காட்சியில் அந்த இசை வராது. கடற்கரையே அலறுகிறது, இசை மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்குத்தான் முதலில் தெரிந்தது, இது பொய்ச் சுறா என்று. அந்த இசை பொய் சொல்லாது என்று நம்பத் தொடங்கிய பிறகு, ஒரு நல்ல வெயில் நேரத்தில், இசையே இல்லாமல் நிஜச் சுறா படகுக்குப் பின்னால் தலையைத் தூக்குகிறது. என் மொத்தக் கணக்கும் அன்றைக்குப் பொய்த்தது. தம்பி ரொம்ப நேரம் சிரித்தான்.

பின்னணி இசைக்கு எல்லாம் தெரியும் என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், நிஜமா போலியா, எல்லாம் அதற்குத் தெரியும். பாத்திரங்களுக்குத் தெரியாததை நம்மிடம் சொல்கிற ஆள் அது. பாட்டு அப்படி இல்லை. பேய்ப் படத்தில் ரேடியோவிலோ பழைய தட்டிலோ ஒலிக்கிற பாட்டுக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. அது தன்பாட்டுக்குக் காதல், நிலா என்று பாடிக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பழைய பேய்ப் பாட்டுகளில் கதையே வேறு. 1966-ல் வந்த 'யார் நீ?' படத்தில் பி. சுசீலா "நானே வருவேன்" என்று பாடும்போது பாட்டுக்கு எல்லாம் தெரியும், அதுதான் வரப்போகிறது என்று அதுவே சொல்கிறது. நான் சொல்வது அந்த ரகம் இல்லை. வழி தெரியாமல் கொலை நடக்கிற வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்ட பாட்டு.

உதாரணம் 'தி ஷைனிங்', 1980. ஸ்டான்லி குப்ரிக் படம். கடைசியில் கேமரா ஹோட்டல் சுவரில் மாட்டிய ஒரு பழைய புகைப்படத்தை நோக்கி மெல்லப் போகும்போது, ஆல் பௌலி என்ற பாடகரின் மென்மையான குரலில் "மிட்நைட், த ஸ்டார்ஸ் அண்ட் யூ" ஒலிக்கிறது. ரே நோபிளின் இசைக்குழு, 1934 பதிவு. புகைப்படத்திலோ 1921 ஜூலை 4 என்று எழுதியிருக்கிறது. பாட்டு பிறக்கவே இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது! இதைத் தவறு என்பார்கள். அந்த ஹோட்டலில் காலம் நேராக ஓடுவதில்லை என்பதால் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. பௌலி 1941-ல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் இறந்துபோனார். தன் குரல் நாற்பது வருடம் கழித்து எந்த வீட்டில் போய் ஒலிக்கப் போகிறது என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்?

அந்தப் படத்தின் மற்ற இசையெல்லாம் 'தெரிந்த' ரகம். பெண்டரெட்ஸ்கி, லிகெட்டி, பார்டோக் என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கச்சேரி இசையை எடுத்துக் குப்ரிக் ஒட்டிக்கொண்டார். தொடக்கத்தில் மலைப்பாதையில் அந்தச் சின்னக் கார் போகும்போது வருவது வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் செய்தது. சாவுக்குப் பாடுகிற பழைய லத்தீன் தேவாலயப் பாட்டின் மெட்டைச் சிந்தசைசரில் இறக்கியிருக்கிறார்கள். கார்லோஸ் இந்தப் படத்துக்கென்று இன்னும் நிறையச் செய்தார். குப்ரிக் பெரும்பாலானதைப் பயன்படுத்தவில்லை. அவற்றை 2005-ல் 'ரீடிஸ்கவரிங் லாஸ்ட் ஸ்கோர்ஸ்' என்று இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார் கார்லோஸ். கிடைத்தால் விடாதீர்கள். எடுக்கப்படாத ஒரு படத்தின் இசை மாதிரி இருக்கிறது. எல்பி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு கசப்பு. பழைய பிரதி ஒன்று இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன், பெயர் வேண்டாம். உறை புத்தம் புதிது போல இருந்தது. உள்ளே தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. ஊசி ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கியதில் லிகெட்டிக்குக் கடல்பயண மயக்கம் வந்துவிட்டது. பழைய எல்பி வாங்குகிறவர்கள் தட்டைச் சமதளத்தில் வைத்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள், உறையின் படத்தை நம்பாதீர்கள்.

அப்பாவிப் பாட்டுகளை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டியவர் ஜான் லாண்டிஸ். 1981-ல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் வரும் பாட்டெல்லாம் நிலாப் பாட்டு. 'ப்ளூ மூன்' மட்டும் மூன்று குரல்களில் வருகிறது. பாபி விண்டன், சாம் குக், கடைசியில் த மார்செல்ஸ். நடுவில் வான் மாரிசனின் 'மூன்டான்ஸ்', க்ரீடென்ஸ் குழுவின் 'பேட் மூன் ரைசிங்'. மனிதன் ஓநாயாக மாறுகிற அந்தப் புகழ்பெற்ற காட்சியில், எலும்பு நீண்டு முதுகு உடைகிறபோது, சாம் குக் தேனாகப் பாடுகிறார். எலும்பு முறிகிற சத்தமும் அந்தக் குரலும் ஒன்றையொன்று சட்டையே செய்வதில்லை. இதைத் தட்டாக வாங்கலாமா என்றால், வேண்டாம். நான் அந்தப் பாட்டுகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன். இனிமையான பழைய பாட்டுகள், அவ்வளவே. பயம் பாட்டில் இருக்கவில்லை, அது படத்திலேயே தங்கிவிட்டது. பாட்டுத் தொகுப்புகளாக வரும் பேய்ப்படத் தட்டுகள் ஏன் ஏமாற்றுகின்றன என்பது இதில்தான் எனக்கு விளங்கியது. 'ஸ்க்ரீம்' படத்தோடு 1996-ல் வந்த தட்டும் அப்படித்தான், பாட்டுகள் நிறைய, மார்க்கோ பெல்ட்ராமியின் பின்னணி இசை தேடினால்தான் கிடைக்கும். பின்னணி இசைக்கென்று தனியாக வந்த தட்டைத் தேடி வாங்குங்கள்.

பேய்ப் படத்துக்கென்று செய்யாமல் பேய்ப் படத்தில் மாட்டிக்கொண்ட தட்டுகளில் ராஜா 'ட்யூபுலர் பெல்ஸ்'. மைக் ஓல்ட்ஃபீல்ட் பத்தொன்பது வயதில், பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவு செய்தது. 1973 மே 25 அன்று வர்ஜின் ரெக்கார்ட்ஸின் முதல் வெளியீடாக வந்தது. அதே வருட டிசம்பரில் 'தி எக்சார்சிஸ்ட்' வந்தது. லாலோ ஷிஃப்ரின் எழுதிக் கொடுத்த இசையை வேண்டாம் என்று ஒதுக்கிய இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின், இந்தத் தட்டின் ஆரம்பத்தில் இருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதையும் பயங்கரக் காட்சியில் வைக்கவில்லை. பேய் பிடிக்கப்போகும் சிறுமியின் அம்மா தெருவில் நடந்து வீட்டுக்கு வருகிறாள். இலைகள் உதிர்ந்து கிடக்கின்றன, கன்னியாஸ்திரீகளின் உடை காற்றில் படபடக்கிறது. அவ்வளவுதான் காட்சி. கட்டிலும் பேயும் வருகிற இடத்தில் எல்லாம் அந்த மணிச் சத்தம் போன்ற மெட்டு கேட்டதாக நம்மில் பலருக்கு ஒரு நினைவு. எனக்கும் இருந்தது. திரும்பக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது அங்கே இல்லவே இல்லை.

முதல் தடவை தட்டைப் போட்டபோது, கீறல் விழுந்த பிரதியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் நாலு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டவள் நான். கை தன்னால் தாளம் போடும். இந்த மெட்டில் எட்டு எண்ணினால் ஒன்று இடிக்கிறது, ஊசி தாவுகிறது போல. மூன்று தடவை துடைத்துப் போட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவை ஏழு, ஒரு தடவை எட்டு, மொத்தம் பதினைந்து. தட்டில் கோளாறு இல்லை. நடக்கிறவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படியைத் தவற விடுகிறார். பயம் அங்கேதான் இருக்கிறது, பிசாசு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பேய்க்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்தம் ஐம்பது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் குறைவு. அதில் நீங்கள் தேடும் மெட்டு ஆரம்பத்தில் சில நிமிடங்கள். அப்புறம் கிடார், மாண்டலின், வாத்தியங்களின் பெயரை ஒவ்வொன்றாக அறிவிக்கும் ஒரு குரல், உறுமும் ஒரு ஆதிமனிதன் என்று எங்கெங்கோ போய், இரண்டாம் பக்கம் கப்பல்காரர்கள் ஆடும் குதியாட்ட மெட்டில் முடிகிறது. எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். பேயை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து போய்விட்டான்.

தாளம் பற்றிப் பேச்சு வந்ததால் 'ஹாலோவீன்', 1978. இயக்கிய ஜான் கார்ப்பென்டரே இசையும். செலவழிக்கக் காசு இல்லாத படம், மூன்று நாளில் முடித்த இசை. படத்தில் இசைக்குழுவின் பெயர் 'பௌலிங் க்ரீன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா' என்று வரும். அப்படி ஒரு குழுவே கிடையாது, கார்ப்பென்டர் தான் வளர்ந்த ஊரின் பெயரை வைத்துச் செய்த குறும்பு. அவர் அப்பா சங்கீத ஆசிரியர். பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதைப் பியானோவில் ஏற்றியதுதான் அந்த மெட்டு. சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் பத்து, ஐந்தை இரண்டிரண்டாகப் பிளந்தது. முதல் பாதியில் நிதானமாக வருகிறவன் இரண்டாம் பாதியில் எட்டி நடை போடுகிறான். எங்கள் மிருதங்க வாத்தியார் கேட்டிருந்தால் "கணக்கு சரியா இருக்கு, போய்ப் படி" என்று சொல்லியிருப்பார். இசை இல்லாத படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லையாம், கார்ப்பென்டர் சொன்னது. நம்புகிறேன். இந்தப் படத்தில் நான் கண்ணை மூடினால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தட்டாகக் கேட்கும்போது ஒரு குறை. அதே மெட்டும் அதன் இரண்டு மூன்று தங்கைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன, அரைமணி நேரத்தில் அலுத்துவிடும். என் சிபாரிசு 2017-ல் வந்த 'ஆந்தாலஜி'. கார்ப்பென்டர் தன் மகனையும் இன்னொருவரையும் வைத்துக்கொண்டு பல படங்களின் முகப்பு இசையை மறுபடி வாசித்தது. ஹெர்மனின் மறுபதிவைக் குறை சொன்னவள் இதை மட்டும் எப்படிப் புகழ்கிறாய் என்று கேட்டால், ஹெர்மனுடையது நடந்தது, இது இன்னும் ஓடுகிறது. கிடாரின் உறுமல் கூடியிருக்கிறது, தாளம் சிதறவில்லை.

'சஸ்பீரியா', 1977. டாரியோ அர்ஜென்டோவின் படம், காப்ளின் என்ற இத்தாலிய ராக் குழு இசை. படப்பிடிப்பின்போதே இந்த இசையைச் சத்தமாக ஒலிக்கவிட்டு நடிகர்களை மிரட்டியிருக்கிறார் இயக்குநர். கிரேக்கத்து பூசூக்கி, தபலா, மூக் சிந்தசைசர், நடுவே "விட்ச்" என்று யாரோ காதுக்குள் கிசுகிசுப்பது. மறைக்கவே மறைக்காத இசை இது. சூனியக்காரி இருக்கிறாள் என்று முதல் நிமிடத்திலேயே கூவிவிடுகிறது. முதல் பக்கம் இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகப் பிடித்த இருபது நிமிடம். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் ஜாஸ் கலந்த ராக், பயம் காணாமல் போய்விடும். பாத்திரம் கழுவும்போது போட்டுக்கொள்ளலாம். 'ஹெரிடிட்டரி'க்கு (2018) கொலின் ஸ்டெட்சன் செய்த இசையைப் பாத்திரம் கழுவும்போதும் போட முடியாது, வேறு எப்போதும் முடியாது. நல்ல தட்டு, நாலு தடவை முயன்றும் நான் முழுதாகக் கேட்கவில்லை.

'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) மட்டும் எந்த வகையிலும் அடங்காது. கிறிஸ்டோஃப் கொமேடா என்ற போலந்து ஜாஸ் பியானோக்காரர் இசை. கதாநாயகி மியா ஃபேரோவே தாலாட்டு பாடுகிறார். வார்த்தையே இல்லை, வெறும் "லா லா லா". தாய்க்கு எதுவும் தெரியாது, மெட்டுக்கு எல்லாம் தெரியும். இரண்டும் ஒரே குரலில். முழுத் தட்டும் தரம், விளக்கை அணைத்துவிட்டும் கேட்கலாம்.

கடைசியாக 'அஸ்', 2019. ஜோர்டன் பீல் இயக்கம், மைக்கேல் ஏபல்ஸ் இசை. குடும்பம் காரில் போகும்போது லூனிஸின் 'ஐ காட் 5 ஆன் இட்' ஒலிக்கிறது, 1995-ன் ஹிட். அப்பா தலையாட்டுகிறார். அம்மா மகனுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்க விரலைச் சொடுக்குகிறாள். இந்தக் காட்சியில் பயமில்லாததால் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். "இந்தம்மா தாளம் தப்புது" என்று சத்தமாகச் சொன்னேன். தம்பி, "படத்தப் பாருக்கா, வாத்தியார் மாதிரி" என்றான். படம் முடிகிற நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அந்தத் தப்பு எதற்கென்று நான் இங்கே சொல்லமாட்டேன்.

படத்தின் உச்சத்தில் ஏபல்ஸ் அதே பாட்டை எடுத்து, வார்த்தைகளைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்துத் தந்தி வாத்தியங்களிடம் கொடுத்துவிடுகிறார். தட்டில் 'பா டி டூ' என்ற பெயரில் இருக்கிறது. காரில் எதுவும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த பாட்டு, இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறது. வாங்க ஒரே ஒரு தட்டுதான் முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: கலைத்துப் போடுகிற ஷஃபிளில் விடாதீர்கள். வரிசை குலைந்தால் இந்தத் தட்டுக்கு உயிர் இல்லை. முதல் ட்ராக் குழந்தைகள் கூட்டாக எந்த மொழியும் இல்லாத மொழியில் பாடுவது, அதன் சத்தத்துக்கு ஹெட்ஃபோனைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பிரதி இப்போது தம்பியிடம் இருக்கிறது. இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் திருப்பித் தரவில்லை.